தொலைநோக்கி வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானம் பார்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இரவில் கண் விழித்துப் பார்த்ததிலிருந்து எழுதியவை. சில பதில்கள் நீளம், சில பதில்கள் இரண்டே வரி. எந்த வரிசையில் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் சூரியனைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறேன். உடனே தொலைநோக்கி வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் வெறும் கண்ணாலேயே பாருங்கள். ஓரியன், சப்தரிஷி மண்டலம், விருச்சிகம் போன்றவற்றை வரைபடம் இல்லாமல் அடையாளம் காணப் பழகுங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் உங்களால் எத்தனை நட்சத்திரம் எண்ண முடிகிறது என்று பாருங்கள். பலருக்கு ஆறு தெரியும், நல்ல இருட்டில் கூர்மையான கண்ணுக்கு அதற்கு மேலும் தெரியும். வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தொலைநோக்கி வாங்கினால், நிலாவைப் பார்த்த பிறகு அடுத்து எதைப் பார்ப்பது என்று புரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்த படி பைனாகுலர். அதே கார்த்திகையை 10×50 பைனாகுலரில் பார்த்தால், ஆறு இருந்த இடத்தில் நீலம் கலந்த வெள்ளைப் பொட்டுகள் டஜன் கணக்கில் தெரியும். ஏறக்குறைய நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம் கொண்ட கூட்டம் அது. பெரிய தொலைநோக்கியில் அதன் ஒரு மூலைதான் தெரியும் என்பதால், என்னைப் பொறுத்தவரை அதற்குப் பைனாகுலர்தான் சரியான கருவி.

பைனாகுலரில் 7×50, 10×50 என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம்?

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50 என்றால் சுமார் 7 மி.மீ., 10×50 என்றால் 5 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அது சுருங்கும். அதனால் நாற்பது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 10×50 நல்ல தேர்வு.

10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் நட்சத்திரங்களைக் கோடு கோடாக இழுத்துவிடும். 20×80 போன்றவற்றுக்கு முக்காலி கட்டாயம். 10×50-ஐயே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டோ, சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டோ பாருங்கள். வியாழனின் நிலாக்கள் பக்கத்தில் புள்ளிகளாகத் தெரியும். நின்றுகொண்டு பார்த்தபோது அவை தெரியாமல் போனது கையின் ஆட்டத்தால்தான்.

சரி, முதல் தொலைநோக்கி எது?

முதலில் கேட்க வேண்டியது விட்டம். ஒளியைச் சேர்க்கும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 200 மி.மீ. ஆடி, 100 மி.மீ. லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும். 150 மி.மீ. ஆடி, நன்றாக விரிந்த மனிதக் கண்ணைவிட 450 மடங்குக்கு மேல் சேர்க்கும். நுணுக்கமும் விட்டத்தைப் பொறுத்ததுதான்.

லென்ஸ் வைத்த தொலைநோக்கிக்குப் பராமரிப்பு குறைவு, படம் கூர்மையாக இருக்கும். ஆனால் விட்டம் கூடக் கூட விலையும் நீளமும் எகிறிவிடும். ஆடி வைத்தது, அதாவது 1668-இல் நியூட்டன் செய்த வகை, ஒரே செலவில் அதிக விட்டம் தரும். ஆனால் அவ்வப்போது ஆடிகளை நேர்செய்ய வேண்டும். மூன்றாவது வகையில் லென்ஸும் ஆடியும் சேர்ந்து குழாய் குட்டையாக இருக்கும். பயணத்துக்கு அது வசதி.

யார் கேட்டாலும் நான் சொல்வது 150 அல்லது 200 மி.மீ. டாப்சோனியன். ஜான் டாப்சன் என்பவர் 1960களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் புகழ்பெறச் செய்த வடிவம் இது. நியூட்டன் வகைக் குழாயை ஒட்டுப்பலகைப் பெட்டியில் வைத்து, டெஃப்லான் துண்டுகளின் மேல் வழுக்கித் திரும்பும்படி செய்தார். மோட்டார் இல்லை, கம்பி இல்லை. கையால் தள்ளினால் நகரும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்த ஆடித் தொலைநோக்கியின் விட்டம் சுமார் 160 மி.மீ.தான். இன்று தொடக்கக்காரர்களுக்கென்று விற்கும் கருவியின் அளவு அது.

இன்னொன்றையும் பாருங்கள். அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், எத்தனை படி இறக்கித் தூக்கிப் போக வேண்டும்? 250 மி.மீ. கருவி வாங்கி மாதம் ஒருமுறை வெளியே எடுப்பவரைவிட, 130 மி.மீ. வைத்துக்கொண்டு வாரம் நான்கு நாள் பார்ப்பவர் அதிகம் பார்ப்பார்.

பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். நல்லதுதானே?

அந்த எண்ணைப் பார்த்துத்தான் என் முதல் தொலைநோக்கியை வாங்கினேன். 76 மி.மீ. ஆடி, கம்பி போல மெல்லிய முக்காலி. சனியைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் திருகைத் தொட்டால் போதும், படம் ஐந்தாறு விநாடி குலுங்கும். அது அடங்குவதற்குள் சனி காட்சியைவிட்டு நகர்ந்துவிடும். திரும்பத் தேடி, தொட்டு, குலுங்கி, தொலைத்து, ஒரு மணி நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓராண்டு அது பரண்மேல் கிடந்தது.

பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (ஆடி அல்லது லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின், குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். 1200 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. சின்ன ஐபீஸ் போட்டு எந்த எண்ணையும் வரவைக்கலாம். ஆனால் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பயனுள்ள எல்லை. 76 மி.மீ.க்கு சுமார் 150. அதற்கு மேல் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் குழம்பும். பெரிய கருவியிலும் காற்றின் அலைச்சலால் பெரும்பாலான இரவுகளில் 200, 250-ஐத் தாண்டுவது கடினம்.

அப்புறம் ஒருநாள் அந்தப் பரண் கருவியை இறக்கி, முக்காலியின் நடுவில் மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்டு, கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, தரையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய ஐபீஸைப் போட்டுப் பார்த்தேன். 35 மடங்குதான். சனி, வளையத்தோடு, அசையாமல் நின்றது.

அப்படியென்றால் தாங்கி அவ்வளவு முக்கியமா?

ஆமாம். கடையில் கருவியைப் பார்த்தால் குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் ஆட்டம் நின்றால் நல்லது.

தாங்கி இரண்டு வகை. மேலும் கீழும், இடமும் வலமும் நகர்வது ஒன்று. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்து, ஒரே அச்சைச் சுழற்றி நட்சத்திரத்தைப் பின்தொடர்வது இன்னொன்று. இரண்டாவது, படம் எடுப்பவர்களுக்குத் தேவை. கண்ணால் பார்க்கத் தொடங்குபவருக்கு முதல் வகையே எளிது.

எத்தனை ஐபீஸ் வேண்டும்?

மூன்று போதும். 25 அல்லது 30 மி.மீ. ஒன்று, 10 மி.மீ.க்குப் பக்கத்தில் ஒன்று, அப்புறம் ஐபீஸின் பெருக்கத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ். பிளாஸல் வகை, 50 பாகை காட்சிப் பரப்போடு வருவது, தொடங்க நல்லது. கருவியோடு இலவசமாக வரும் 4 மி.மீ. ஐபீஸ் பெரும்பாலும் ஊசித்துளை வழியே பார்ப்பதுபோல் இருக்கும். அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

எதைத் தேடினாலும் கிடைக்க மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் ஃபைண்டரில், அதாவது குறி பார்க்க முதன்மைக் குழாயின் மேல் பொருத்தியிருக்கும் சின்னத் தொலைநோக்கியில். முதன்மைக் குழாயும் ஃபைண்டரும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்றால் இரவு முழுவதும் தேடினாலும் கிடைக்காது. இதைப் பகலிலேயே சரிசெய்யுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, அரை கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுரத்தின் உச்சியையோ மின்கம்பத்தின் நுனியையோ முதன்மைக் குழாயில் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குழாயை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருப்பி, அதே நுனியை அதன் நடுவிலும் கொண்டுவாருங்கள். இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் மறுபடி சரிபாருங்கள்.

தேடும்போது எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். முன்பு சொன்ன 1200 மி.மீ. தொலைநோக்கியில், 25 மி.மீ. ஐபீஸில் வானத்தில் ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலா அகலம் தெரியும். 10 மி.மீ. ஐபீஸில் அதில் பாதிகூட இல்லை. அதோடு பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 120 மடங்கில், வான நடுக்கோட்டின் (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் காட்சியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வியாழன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறதே. என் கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலா வானத்தில் அரைப் பாகை, அதாவது 30 கலை. வியாழன் பூமிக்கு நெருக்கமாக வரும்போது சுமார் 45 விகலை. 40 மடங்கு பெருக்கினால் அது 1800 விகலை, அதாவது 30 கலை. ஆக, வெறும் கண்ணால் பார்க்கும் நிலா எவ்வளவு பெரிதோ, 40 மடங்கில் வியாழனும் அவ்வளவு பெரிது. 100 மடங்கில் நிலாவைவிட இரண்டரை மடங்கு பெரிது. ஆனால் சுற்றிலும் கருப்புப் பரப்பு மட்டும் இருப்பதால், ஒப்பிட எதுவும் இல்லாமல் நம் மனம் அதைச் சின்னது என்று சொல்லிவிடுகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால், நிலாவும் வியாழனும் வானில் சேர்ந்திருக்கும் இரவில் ஒரு கண்ணை ஐபீஸில் வைத்து, மறு கண்ணால் நிலாவைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முதல் நிமிடத்தில் வியாழனில் இரண்டு மங்கலான பட்டைகள்தான் தெரியும். பலர் அதோடு நகர்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள். காற்று கொதிக்கும் தண்ணீர்போல் அலைந்துகொண்டே இருக்கும். திடீரென்று அரை விநாடி, ஒரு விநாடி அமைதியாகும். அந்த நொடியில் பட்டையின் ஓரம் நேர்க்கோடு இல்லை, அலை அலையாக, முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்று தெரியும். பிறகு மறைந்துவிடும். அடுத்த அமைதிக்குக் காத்திருக்க வேண்டும். நாற்பது நிமிடம் இப்படி உட்கார்ந்த ஓர் இரவில், வெளிர்நிற மேகத்தின் மேல் ஊசிமுனையால் மை வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோவின் நிழல் அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியாழனின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. முதல் நிமிடத்தில் அங்கே எதுவும் இல்லை என்று நினைத்தேன். நிழல் அப்போதும் அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்க என் கண்தான் இன்னும் பழகியிருக்கவில்லை.

சனியின் வளையம் சில ஆண்டுகளில் மெல்லியதாகத் தெரிகிறதே?

சனி தன் அச்சில் சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29 ஆண்டு ஆகும். அதில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு நம்மை நேராகப் பார்க்கும். 2025 மார்ச்சில் அப்படி நடந்தது, அடுத்தது 2038, 2039 வாக்கில். நடுவில் 2030களின் தொடக்கத்தில் வளையம் நன்றாக விரிந்திருக்கும்.

1610-இல் கலிலியோ சனியைப் பார்த்தபோது மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்பதாக நினைத்தார். 1612-இல் பக்கத்து உருண்டைகள் காணாமல் போனதும் குழம்பிப் போனார். வளையம் விளிம்பு காட்டிய ஆண்டு அது. அது தட்டையான வளையம் என்று 1659-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் விளக்கி எழுதிய பிறகுதான் புதிர் அவிழ்ந்தது.

என் அம்மாவுக்கு முதன்முறை சனியைக் காட்டியது நினைவிருக்கிறது. ஐபீஸில் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி வானத்தில் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தார். மறுபடி குனிந்து ஐபீஸில் பார்த்தார். மறுபடி வானம். மூன்றாவது முறை நிமிர்ந்து, "இது அதுவா?" என்று கேட்டார்.

படங்களில் நெபுலாவும் கேலக்ஸியும் வண்ண வண்ணமாக இருக்கின்றன. எனக்குச் சாம்பல் நிறமாகத்தானே தெரிகிறது?

எல்லோருக்கும் அப்படித்தான். நெபுலா என்பது வாயுவும் தூசும் சேர்ந்த மேகம், கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் பெருங்கூட்டம்; இரண்டும் மிக மங்கல். மங்கலான ஒளியில் நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை, வெளிச்சத்தை மட்டும் அறியும் செல்கள்தான் வேலை செய்கின்றன. கேமரா நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கும். கண்ணால் அது முடியாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் வராது.

ஆனாலும் பார்க்கத் தகுந்தவை நிறைய. ஓரியனின் வாளில் இருக்கும் எம்42 நெபுலாவிலிருந்து தொடங்குங்கள் (எம் என்பது மெஸ்ஸியே என்பவரின் பட்டியலைக் குறிக்கும்). நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரு சிறு சரிவகம்போல் நிற்கும். அவற்றைச் சுற்றி, ஊதிவிட்ட புகை பாதியில் உறைந்ததுபோல் ஒரு விரிப்பு. சிலருக்கு அதில் லேசான பச்சை தெரியும், எனக்கும் 200 மி.மீ. கருவியில் தெரிந்திருக்கிறது. லைரா மண்டலத்தில் எம்57 வளைய நெபுலாவைக் குறைந்த பெருக்கத்தில் பார்த்தால் ஃபோகஸ் கலைந்த நட்சத்திரம்போல் இருக்கும். 120 மடங்குக்குப் போனால் நடுவில் ஓட்டையோடு குட்டிப் புகை வளையம்.

மங்கலான பொருளை நேராக வெறித்துப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் அது பிரகாசமாகும், நேராகப் பார்த்தால் கரைந்துவிடும். வெளிச்சம் அறியும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் நிறைந்திருப்பதால் இப்படி. குழாயை மெதுவாகத் தட்டி லேசாக அசைத்தாலும் மங்கலானவை தட்டுப்படும்.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, எம்31, நீள்வட்டமான பஞ்சுத் துணுக்கு மாதிரிதான் இருக்கும். அந்த ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சாம்பல் துணுக்கை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வராது.

கண் இருட்டுக்குப் பழக எவ்வளவு நேரம்?

20 முதல் 30 நிமிடம். ஒரு விநாடி செல்போன் திரையைப் பார்த்தால் பாதி உழைப்பு வீண். மங்கலான சிவப்பு விளக்கு பரவாயில்லை. சாதாரண டார்ச்சின் மேல் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினாலே போதும். நிலாவையும் கோள்களையும் பார்க்க இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

நகரத்தில் இருக்கிறேன். பயனுண்டா?

உண்டு. நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள் இவற்றை ஒளி மாசு பெரிதாகப் பாதிப்பதில்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருந்ததியையும் கண்ணால் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கியை அங்கே திருப்பினால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். இடையே சுமார் 14 விகலை. சின்னக் கருவிக்கே எளிது. சிக்னஸ் மண்டலத்தின் ஆல்பிரியோவில் ஒன்று தங்க நிறம், ஒன்று நீலம். நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை.

கேலக்ஸிகளுக்கும் மங்கலான நெபுலாக்களுக்கும் இருட்டுதான் வேண்டும். வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்றை ஜான் போர்ட்டல் 2001-இல் வெளியிட்டார். 1 என்றால் மிக நல்ல இருட்டு, 9 என்றால் நகரின் நடுப்பகுதி. 8-லிருந்து 4-க்குப் போய்ப் பார்ப்பது, கருவியின் விட்டத்தை இரட்டிப்பாக்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம். ஒளி மாசைத் தடுக்கும் ஃபில்டர்கள் சில நெபுலாக்களுக்கு உதவும், கேலக்ஸிகளுக்கு அநேகமாக உதவாது. எல்.ஈ.டி. தெருவிளக்குகள் வந்த பிறகு பழைய ஃபில்டர்களின் பயன் இன்னும் குறைந்துவிட்டது.

நட்சத்திரம் நன்றாக மின்னினால் அன்று வானம் தெளிவு என்று அர்த்தமா?

வானம் தெளிவாக இருக்கலாம், ஆனால் காற்று அலைகிறது என்று அர்த்தம். கோள் பார்க்க அது நல்ல இரவு இல்லை. நட்சத்திரங்கள் மின்னாமல் அமைதியாக நிற்கும், லேசாகப் புகைமூட்டம்கூட இருக்கும் இரவுகளில்தான் வியாழனும் சனியும் மிகக் கூர்மையாகத் தெரியும். மங்கலானவற்றைத் தேட, காற்று அலைந்தாலும் புகைமூட்டமே இல்லாத தெளிவான இரவு வேண்டும்.

நிலா முழுநிலவன்று பார்த்தால்தானே அழகு?

தொலைநோக்கிக்கு முழுநிலவு மிக மோசமான நாள். சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, கண் மட்டும் கூசும். அரை நிலா நாட்களில், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டின் ஓரமாகப் பாருங்கள். அங்கே சூரியன் உதித்துக்கொண்டிருப்பதால் சின்ன மேட்டுக்கும் நீள நிழல் இருக்கும்.

எனக்குப் பிடித்தது ரூபெஸ் ரெக்டா, நேர்ச்சுவர் என்பார்கள். வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில், சமவெளியில் பேனாவால் இழுத்ததுபோல் கருப்புக் கோடு ஒன்று தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். செங்குத்துச் சுவர்போல் தோன்றினாலும் அது உண்மையில் மென்மையான சரிவு. சூரியன் தாழ்வாக இருப்பதால் நிழல் நீண்டு ஏமாற்றுகிறது. தேய்பிறையில் அதே இடத்துக்குப் போனால் கருப்புக் கோடு வெள்ளைக் கோடாக மாறியிருக்கும்.

நிலாவில் விட்டுவந்த கொடி தெரியுமா என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். தெரியாது. நிலாவின் தூரத்தில் ஒரு மீட்டர் அளவைப் பிரித்துப் பார்க்கவே சுமார் 200 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வேண்டும்.

சூரியனைப் பார்க்கலாமா?

குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் இருந்தால் மட்டும். வேறு எந்த வழியும் இல்லை. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, குளிர்க்கண்ணாடி எதுவும் கூடாது. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் கூடாது, குவிந்த ஒளி அதை எரித்துவிடும். ஐபீஸில் திருகும் சின்னச் சூரிய ஃபில்டர் பழைய கருவிகளோடு வரும். அது சூட்டில் வெடித்துப் பிளக்கும். அதைத் தூக்கி எறியுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. கருகும்போது எச்சரிக்கை எதுவும் வராது.

ஃபைண்டரை மறந்துவிடாதீர்கள். ஒருமுறை முன்வாயில் ஃபில்டரை ஒழுங்காக மாட்டிவிட்டு, ஃபைண்டரின் மூடியைப் போட மறந்தேன். குனிந்து ஐபீஸில் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளில் சுருக்கென்று சுட்டது. ஃபைண்டர் வழியே வந்த ஒளி சட்டையில் சின்ன வெள்ளைப் புள்ளியாக விழுந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு குழந்தையின் கண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நடுங்குகிறது. அன்றிலிருந்து பகலில் ஃபைண்டரைக் கழற்றியே வைத்துவிடுகிறேன். காற்றில் விழாதபடி ஃபில்டரை டேப் போட்டு ஒட்டுகிறேன். கருவியை விட்டு ஒரு நிமிடம்கூட நகர்வதில்லை.

கொலிமேஷன் என்றால் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். ஆடித் தொலைநோக்கியில் இரண்டு ஆடிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி திருகுவதுதான் கொலிமேஷன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் காட்சியின் நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். நட்சத்திரம் வளையம் வளையமாக விரியும். வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி இருந்தால் சரி, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்பக்கத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் ஐந்து நிமிடம்.

நள்ளிரவுக்கு மேல் எல்லாம் மங்கலாகிவிடுகிறது. ஏன்?

பனி படிந்திருக்கும். நானும் பலமுறை மேகம் வந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கும். ஃபைண்டர் லென்ஸின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் முத்து முத்தாக ஈரம். துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறும். குழாயின் முன்னால் கருப்பு அட்டையைச் சுருட்டி நீட்டிவிட்டால் பனி தாமதமாகப் படியும். படிந்துவிட்டால் முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து உலர்த்துங்கள்.

கருவியை வெளியே வைத்தவுடன் பார்க்கத் தொடங்காதீர்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை குழாய்க்குள்ளேயே சூடான காற்று அலையும்.

ஆடியில் தூசு தெரிந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் தூசு படத்தைக் கெடுக்காது, அடிக்கடி துடைப்பதுதான் கெடுக்கும்.

செல்போனில் படம் எடுக்கலாமா? தானே படம் எடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கலாமா?

நிலாவைச் செல்போனில் தாராளமாக எடுக்கலாம். ஐபீஸில் போனைப் பிடிக்கும் கவ்வி ஒன்று வாங்குங்கள், வெளிச்சத்தைக் கையால் குறையுங்கள், டைமர் வைத்து எடுங்கள். கோள்களுக்கு ஒற்றைப் படம் வேண்டாம், ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஆட்டோஸ்டேக்கர்ட் போன்ற மென்பொருள் அதிலிருந்து கூர்மையான பிரேம்களை மட்டும் பொறுக்கி அடுக்கித் தரும். காற்று அமைதியாகும் நொடிக்காக நாம் ஐபீஸில் காத்திருக்கும் அதே வேலையை அது செய்கிறது.

ஸ்மார்ட் தொலைநோக்கி நகர வானத்திலிருந்தும் நெபுலாவை நிறத்தோடு திரையில் கொண்டுவரும். கண்பார்வை குறைந்தவர்களுக்கும், குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கும் பெரிய வரம். ஆனால் நீங்கள் பார்ப்பது திரையை. சனியின் ஒளி நேராக உங்கள் கண்ணுக்குள் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஐபீஸ் உள்ள கருவியை வாங்குங்கள்.

நம்மைப் போன்றவர்கள் பார்ப்பதால் அறிவியலுக்குப் பயன் உண்டா?

நிச்சயமாக. 2009 ஜூலை 19 அன்று வியாழனில் ஏதோ மோதியதால் உண்டான கருந்தழும்பை முதலில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன்டனி வெஸ்லி. வீட்டிலிருந்து வானம் பார்ப்பவர். பிரகாசம் மாறும் நட்சத்திரங்களை அளந்து அனுப்புபவர்களின் பதிவுகளை அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கம் 1911 முதல் சேர்த்துவருகிறது. இதற்குக் கருவிகூட வேண்டாம். 2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. நான் அதைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இரவுதோறும் எழுதிவைத்தேன். ஓரியனின் தோள் ஒன்று மங்கி, உருவமே மாறித் தெரிந்தது.

பார்த்ததை எழுதிவைக்க வேண்டுமா? என்ன எழுதுவது?

எழுதுங்கள். தேதி, நேரம், கருவி, ஐபீஸ், காற்று எப்படி இருந்தது, என்ன தெரிந்தது. முடிந்தால் வட்டம் ஒன்று போட்டுப் பென்சிலால் வரையுங்கள். ஓவியம் வரத் தேவையில்லை. வரைய உட்கார்ந்தால் ஒரே பொருளை இருபது நிமிடம் பார்த்தே ஆக வேண்டும், அந்த இருபது நிமிடத்தில்தான் பாதி விவரம் வெளியே வரும்.

என் நோட்டில் எம்57-க்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதல் பதிவு: "மங்கலான புள்ளி. இதுதானா தெரியவில்லை." நான்கு ஆண்டு கழித்து, அதே 150 மி.மீ. கருவி, அதே 10 மி.மீ. ஐபீஸ்: "வளையம் தெளிவு. முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நீள்வட்டம். இரண்டு முனைகளும் மற்ற இடங்களைவிட மங்கல். நடுவில் முழுக் கருப்பு இல்லை, லேசான சாம்பல்."